மறுநாள் காலையை மனத்தில் வைத்துக் கிளம்புங்கள்: குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய்வர முழுமையான வழிகாட்டி

குடும்பத்தோடு வெளியே போய்வந்த நாள் நன்றாக அமைந்ததா என்பதை நான் அன்று எடுத்த படங்களைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மறுநாள் காலை வீடு எப்படி விடிகிறது என்று பார்ப்பேன். சின்னவன் எழுந்திருக்க முடியாமல் சுருண்டு படுத்திருக்கிறானா? பாட்டியின் முழங்கால் வீங்கியிருக்கிறதா? எந்தச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து இந்த மாதத்தை ஓட்டுவது என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்களா?

எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அப்படித்தான் விடிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில் நான்கு இடம். இருட்டோடு கிளம்பி நள்ளிரவில் திரும்புவோம். ஒருமுறை திரும்பும் வழியில் என் மகள் “இனிமேல் எங்கேயும் போக வேண்டாம்” என்று அழுதாள். அவளுக்கு அப்போது 6 வயது. அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். மாதம் ஒருமுறை, பக்கத்தில் ஓரிடம், முக்கால் நாளுக்குள், முன்கூட்டியே சேர்த்த பணத்தில் மட்டும். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பணம் முன்னால் போகட்டும்

இடத்தை முடிவு செய்துவிட்டுப் பணத்தைத் தேடுவதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். வெளியே போவதற்கென்று ஒரு தனிப் பணப்பை வேண்டும். அது உறையாகவும் இருக்கலாம், வங்கியில் தனிக் கணக்காகவும் இருக்கலாம். மாத வருமானம் வந்த அன்றே ஒரு சிறு தொகை அதற்குள் போய்விட வேண்டும். வருமானத்தில் 100க்கு 2 அல்லது 3 பங்கு என்று தொடங்கினால் எந்த வீட்டுக்கும் மூச்சு முட்டாது என்பது என் அனுபவம். பையில் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் இடத்தைத் தீர்மானிக்கும். குறைவாக இருந்தால் நுழைவுக் கட்டணம் இல்லாத பூங்கா, நூலகம், ஆற்றங்கரை. இரண்டு மூன்று மாதம் சேர்ந்தால் கொஞ்சம் பெரிய இடம்.

இரண்டு பைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒன்று, அவசரத்துக்கென்று ஒதுக்கிய பணம். வேலை போனாலோ நோய் வந்தாலோ 3 முதல் 6 மாதம் வீட்டை நடத்த வேண்டிய பணம் அது. இன்னொன்று, கடன் அட்டை. மாதம் 3 சதவீத வட்டி கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஆனால் 100 பங்கு கடனைக் கட்டாமல் விட்டால் 12 மாதத்தில் அது 142 பங்கைத் தாண்டிவிடும். வட்டிக்கு வட்டி ஏறுவதால் வருவது இது. ஒரு நாள் மகிழ்ச்சிக்கு ஓராண்டு தவணை கட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளைப் பற்றி அவர்களுக்குள் பேச்சே எழுவதில்லை. அப்படிக் கடன் ஏற்கெனவே இருந்தால், அது தீரும்வரை காசில்லாத இடங்களுக்கே போங்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது நீங்கள் கூட இருப்பது. டிக்கெட்டின் விலை அவர்களுக்குத் தெரியாது.

செலவைக் கணக்கிடும்போது போக்குவரத்தும் நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பை கிழிவது வேறு இடத்தில். வண்டி நிறுத்தும் கட்டணம், வழியில் வாங்கும் தண்ணீர், ஒரு பொம்மை, உள்ளே போனபின் தனியாகக் கேட்கும் கட்டணங்கள். இவற்றையெல்லாம் வாங்க வைப்பது “வந்ததே வந்தோம்” என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்கு முன்பே பணம் ஒதுக்கிவிடுங்கள். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு. அதிலிருந்து பள்ளி வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம அளவில் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுங்கள். இன்றைக்கு இதுதான், எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம், தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லுங்கள். கடைமுன் நடக்கும் அழுகையில் பெரும்பகுதி அன்றே நின்றுவிடும். அப்பாவிடம் கேட்டு வாங்குவதற்கும் தன் காசை எண்ணிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் வியக்கத்தக்க வேகத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாம் படி: யாருடைய கால் மெதுவோ, அவருடைய கணக்கில் இடம்

வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் யார்? அவர் 3 வயதுக் குழந்தையாக இருக்கலாம், 75 வயதுத் தாத்தாவாக இருக்கலாம், கருவுற்ற பெண்ணாக இருக்கலாம். அவரால் களைப்பின்றி எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை மணிக்கொருமுறை உட்கார வேண்டும், கழிப்பறை எவ்வளவு அருகில் வேண்டும் என்பதே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல். வேகமாக நடப்பவர்கள் மெதுவாகப் போவதால் எதையும் இழப்பதில்லை. மெதுவாக நடப்பவரை இழுத்துக்கொண்டு ஓடினால் எல்லோருடைய நாளும் கெடும்.

தொலைவுக்கு நான் வைத்திருக்கும் விதி: போகவும் வரவும் சேர்த்து ஆகும் நேரம், அங்கே இருக்கப்போகும் நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 4 மணி நேரம் தங்கப்போகிறீர்கள் என்றால் ஒரு வழிக்கு 1 மணி நேரம். தூரமாகப் போனால்தான் பயன் என்பது வெறும் பழக்கம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், வாரத்தில் 2 மணி நேரமாவது பசுமையான, இயற்கையான இடங்களில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகக் கூறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்த 2 மணி நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும், சிறுசிறு நடைகளாகக் கழித்தாலும் வேறுபாடு இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். 3 ஆண்டில் அந்தப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வழக்கமான வகுப்பில் இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம். பக்கத்துப் பூங்காவின் வெளிச்சமும் தொலைதூர மலையின் வெளிச்சமும் கண்ணுக்கு ஒன்றுதான்.

ஒரு நாளுக்கு ஓரிடம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடம் முடிவானதும் நாள்காட்டியில் குறித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். நெதர்லாந்தில் சுமார் 1,500 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வு, விடுமுறைக்குப் போகிறவர்களின் கூடுதல் மகிழ்ச்சி பெரும்பாலும் போவதற்கு முந்தைய வாரங்களிலேயே தெரிகிறது என்று கண்டது. திரும்பி வந்தபின், மிக ஓய்வாகக் கழித்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டுமே அது கொஞ்சம் மிஞ்சியது. ஆகவே காத்திருக்கும் நாட்களைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். கடைசி நிமிடத்தில் சொல்லி அவர்களைத் திகைக்க வைப்பதைவிட, மூன்று வாரம் நாள் எண்ண விடுவது நல்லது.

அந்த இடத்தின் அலுவலகத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள். வாரத்தில் எந்த நாள் விடுமுறை, கடைசி நுழைவு எத்தனை மணிக்கு, வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டா, நிழலும் கழிப்பறையும் எங்கே, வர முடியாமல் போனால் பணம் திரும்புமா.

மூன்றாம் படி: கடிகாரத்தைப் பின்னாலிருந்து ஓட்டுங்கள்

மனிதருக்குத் தன் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குறைத்து மதிப்பிடும் இயல்பு உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கானெமானும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இதை எழுதினார்கள். பின்னர் 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்புக் கட்டுரையை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. 7 மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்று நாம் சொல்வதும் அதே கணக்குதான். நீங்கள் நினைக்கும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்திலிருந்து திட்டமிடத் தொடங்காமல், தூங்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கம் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். மறுநாள் 6 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு 9 மணிக்காவது படுக்க வேண்டும். அப்படியானால் 7 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அங்கிருந்து 5:30க்குக் கிளம்ப வேண்டும். இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் காலைப் புறப்பாடு தானாக வந்து நிற்கும். வெயில் மிகுந்த காலமென்றால் இன்னொரு கணக்கும் சேரும். புற ஊதாக் கதிர்கள் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கடுமையாக இருக்கும். அந்த நேரத்தைக் கூரையின் கீழோ மரநிழலிலோ கழிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முந்தைய இரவு

பையை முந்தைய இரவே கட்டி வாசலருகே வைத்துவிடுங்கள். காலையில் தேடுவதுதான் முதல் சண்டைக்குக் காரணம். மாற்று உடை சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒன்று. ஒரு பழைய துண்டு, குப்பைக்கு இரண்டு பைகள், தொப்பி, தண்ணீர்க் குப்பி. இவை போதும்.

மருந்துப் பையில்தான் கவனம் வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு வேளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியும்படி உறையோடே இருக்கட்டும். இன்சுலின் வெயிலில் வாடக் கூடாது, பனிக்கட்டியை நேராகத் தொட்டு உறையவும் கூடாது. உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தாதீர்கள். குழந்தைக்கான காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, அதனால் அளவை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. காயத்துக்குத் துணிக்கட்டு, ஒட்டுக்கட்டு, வாய்வழி நீரேற்றக் கரைசல் (ORS) பொட்டலம் இரண்டு. பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு அளவு மீறக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: சாப்பாடு

வெளியே போன இடத்தில் வயிறு கெட்டால் பெரும்பாலும் கடைச் சாப்பாட்டைத்தான் குறை சொல்கிறோம். நாம் கட்டி எடுத்துப்போன சாப்பாடும் அதே அளவுக்குக் காரணமாக இருக்கலாம். நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும் வெப்பம் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. சமைத்த தானியம், இறைச்சி, முட்டை, பால் சேர்ந்த எதுவும் இந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரம்தான். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். நோய் தரும் கிருமிகள் பலவும் வாசனையை மாற்றுவதில்லை. எனவே சூடானதைச் சூடு தாங்கும் பாத்திரத்திலும், குளிர்ந்ததைப் பனிக்கட்டிப் பெட்டியிலும் கொண்டுபோங்கள். அதற்கு வசதியில்லையா, உலர்ந்த தின்பண்டமும் தோலுரித்துத் தின்னும் பழமும் போதும்.

பசிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளையின் அடத்தையும் பெரியவர்களின் சிடுசிடுப்பையும் குணக்கேடு என்று நினைத்திருந்த நான், முக்கால்வாசி நேரம் அது வெறும் பசி என்று கண்டுகொள்ள வெகுநாள் ஆனது. அதுவரை திட்டிய திட்டுகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். கைத்தூய்மித் திரவம் அழுக்குப் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது.

ஆறாம் படி: வழியில்

வண்டியில் குமட்டல் வருவதற்குக் காரணம், காதின் உட்பகுதி “நகர்கிறோம்” என்று சொல்ல, புத்தகத்தையோ கைபேசியையோ பார்க்கும் கண் “அசையவில்லை” என்று சொல்வது. 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கே இது அதிகம். திரையை வாங்கி வைத்துவிட்டு, தொலைவில் அசையாமல் தெரியும் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து காற்று வர விடுங்கள். கிளம்பும் முன் வயிறு நிறையவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

சொந்த வண்டியில் போனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்துங்கள். இது ஓட்டுபவருக்கும், நெடுநேரம் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் முதியவருக்கும் வேண்டியது. 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு மங்குகிறது. காலை 4 மணிக்கு எழுந்தவர் இரவு 9 மணிக்கு ஓட்டினால் அந்த நிலைதான். தூக்கம் வந்தால் பாட்டைச் சத்தமாக வைப்பதும் முகத்தில் காற்றுப் படுவதும் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவதே வழி. 13 வயதுக்கு உட்பட்டவர்கள் பின்னிருக்கையில்; சின்னக் குழந்தைகள் அவர்களுக்கான தனி இருக்கையில். மடியில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மோதலின்போது எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுச் செல்ல வேண்டாம். பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. குழந்தையின் உடல், பெரியவர் உடலைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும்.

ஏழாம் படி: அங்கே போனபின்

முதல் அரை மணி நேரம் எதையும் வாங்காதீர்கள், எங்கும் ஓடாதீர்கள். உட்காருங்கள். கழிப்பறை, குடிநீர், வெளியேறும் வழி எங்கே என்று பாருங்கள். தொலைந்தால் சந்திக்க ஓரிடம் குறித்துப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். வழி தவறிய பிள்ளை தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நின்று, சீருடைப் பணியாளரிடமோ குழந்தையோடு வந்திருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்கியிருங்கள். காலையில் பிள்ளைகளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேட நேர்ந்தால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள்.

நீர்நிலை இருந்தால் மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே ஒரு விதி. நீந்தத் தெரியாத பிள்ளை எப்போதும் கை எட்டும் தொலைவில். கண் எட்டும் தொலைவு போதாது. மூழ்குபவர் கத்துவார், கையை வீசுவார் என்று நினைக்கிறோம். மூச்சுக்கே போராடுபவரால் குரல் எழுப்ப முடியாது. பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. பெரியவர்கள் பலர் சுற்றி இருக்கும்போதும் இப்படி நேர்வதற்குக் காரணம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பதே. ஆகவே முறை வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் அந்த நேரத்தில் கைபேசி இருக்கக் கூடாது.

வெயிலில் முதியவர்களைக் கேட்காமலே தண்ணீர் கொடுங்கள். வயதாக ஆகத் தாக உணர்வு குறைந்துபோகிறது. தாகமில்லை என்று அவர்கள் சொல்வது உண்மைதான், உடம்பில் நீர் குறைந்திருப்பதும் உண்மைதான். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றல், சோர்வு, அதிக வியர்வை என்றால் நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி நீர் கொடுக்கலாம். ஆனால் பேச்சு குழறினால், குழப்பமாக நடந்துகொண்டால், மயங்கினால், அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அவசர உதவியை அழைத்துவிட்டு, வரும்வரை உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் தராதீர்கள்.

எட்டாம் படி: நன்றாக இருக்கும்போதே கிளம்புங்கள்

1993இல் கானெமானும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருமுறை 14 டிகிரிக் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்கச் செய்தார்கள். இன்னொருமுறை அதே 60 விநாடியோடு, நீரை ஒரு டிகிரி அளவு சூடாக்கிக்கொண்டே மேலும் 30 விநாடி. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது. நினைவு, முடிவை அவ்வளவு பிடித்துக்கொள்கிறது.

எங்கள் பழைய பயணங்கள் எல்லாம் முடிந்த விதம் ஒன்றுதான்: கூட்டத்தில் நெருக்கடி, வரிசை, அழும் பிள்ளை, திட்டு. மகள் நினைவில் வைத்துக்கொண்டதும் அதைத்தான். இப்போது “இன்னும் கொஞ்ச நேரம்” என்று பிள்ளைகள் கெஞ்சும்போதே கிளம்பிவிடுகிறோம். கடைசி அரை மணி நேரத்துக்கு என்று எளிய ஒன்றை ஒதுக்கி வைத்திருப்போம். ஒரு மரத்தடி, மிச்சமிருக்கும் பழம், தாத்தா சொல்லும் ஒரு பழைய கதை. பெரிய விளையாட்டெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும்.

ஒன்பதாம் படி: வீடு திரும்பியபின்

ஈரத் துணியையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் மட்டும் அன்றிரவே எடுத்து வையுங்கள். மற்றது காலையில் ஆகட்டும். சின்னவர்களைக் குளிப்பாட்டும்போது தோலில் தடிப்போ பூச்சிக்கடியோ இருக்கிறதா என்று காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு வரை பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை ஒரு குறிப்பேட்டை எடுங்கள். நினைத்த செலவு, ஆன செலவு, எந்த இடத்தில் தாண்டியது. நினைத்த நேரம், ஆன நேரம். யாருக்கு எது வலித்தது. நான்கைந்து வரி போதும். மிஞ்சிய பணம் திரும்பப் பைக்குள் போகட்டும். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “நேற்று உனக்கு எது பிடித்தது?” பதில்கள் நீங்கள் பணம் கொடுத்த இடத்திலிருந்து வராது. கடைசியாகக் கேட்டபோது என் மகள் சொன்னது, மழை தூறியபோது நாங்கள் ஐந்து பேரும் ஒரே குடைக்குள் நின்றதை. அதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதத்துக்கு அவள் ஏற்கெனவே நாள்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றிக் கோடிட்டுவிட்டாள்.